இரண்டு ஜாடி பூண்டு லேகியம்

சார்வரி வருஷம் ஆனி மாதம் பத்தொன்பதாம் தேதி. ராஜபாளையத்தில் விடியும்போதே மேற்கு மலையிலிருந்து சாரல் வந்துவிட்டது. வழக்கப்படி மருந்துச்சாலையைத் திறந்து, அடுப்புச் சாம்பலை வாரச் சொன்னேன். முந்தின நாள் மோரில் ஊறப்போட்ட பூண்டை வடித்து, கழுவ எடுத்து வைத்தேன். கருப்பட்டியைத் தட்டிப் பார்த்தேன். ஈரக்காற்றில் இளகிக் கிடந்தது. வெயில் வரும்வரை இடிக்க முடியாது என்று ஒதுக்கினேன். போன வாரம் கிண்டி ஆறவைத்திருந்த புதிய ஜாடியின் வாய்த்துணியை அவிழ்த்து, நிறம் பார்த்து, திரும்பக் கட்டினேன். பூண்டு உரிக்கும் ராமக்கா வலது கட்டைவிரலில் ஓர் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நகச்சுற்று. அதையும் பார்த்தேன், பார்த்ததோடு சரி.

மருந்து பக்குவத்துக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு நான் பக்குவத்தைச் சொல்லித்தரப் போவதில்லை. அடுப்பின் முன்னால் நின்றால் அது தானாக வரும். மூக்கு ஒத்துழைக்காமல் போனதால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் முன்னதாகவே நான் அடுப்பை விட்டு விலகினேன். அதனால் மூக்கைப் பற்றி மட்டும் ஒரு விஷயம் சொல்கிறேன். அதுவும் எனக்கு முழுக்கத் தெளிவான விஷயம் இல்லை.

எங்கள் சாலையின் பேரே பூண்டு லேகியத்தில்தான் இருந்தது. வாதத்துக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் கொடுப்பது. மற்ற இடத்து லேகியத்தைச் சாப்பிட்டால் மறுநாள் பக்கத்தில் ஆள் நிற்க முடியாது. எங்கள் லேகியத்தில் வாடை கிடையாது என்று சொல்லித்தான் சேத்தூர், தளவாய்புரம் வரை வாங்கினார்கள். பூண்டுப் பல்லைக் குழவியால் ஒரு தட்டுத் தட்டி, தோலை நீக்கி, ஓர் இரவு மோரில் கிடத்திவிடுவோம். பிறகுதான் பால், கருப்பட்டி, நெய் எல்லாம். மோர்தான் வாடையை எடுக்கிறது என்று சாலையை நடத்திய வைத்தியர் சொல்வார். நானும் அப்படியே நம்பினேன்.

அன்று அடுப்பு மூட்டின கொஞ்ச நேரத்தில் ஒரு மாட்டுவண்டி வாசலில் நின்றது. ஒருவர் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இறங்கியும் சக்கரத்தை விடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டுக் கச்சேரி ஒன்றில் வாசிப்பு வேலை பார்க்கும் ஞானமுத்து. சாட்சிகளின் வாக்குமூலத்தையும் மனுக்களையும் அதிகாரியின் மேஜைக்குப் பக்கத்தில் நின்று உரக்க வாசித்துக்காட்ட வேண்டும். நல்ல கணீரென்ற குரல். முழங்கால் மட்டும் வாதத்தில் போயிருந்தது. இரண்டு மாதமாக எங்கள் லேகியத்தால்தான் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, வைத்தியர் ஐயா இருக்காகளா?"

"உள்ள வாங்க. இன்னிக்குக் கச்சேரி இல்லையா?"

"கச்சேரி இருக்கு. நான்தான் இல்ல. வீட்டுல இருந்துட்டு வாங்கன்னு அனுப்பிட்டாக."

வைத்தியர் வந்தார். ஞானமுத்து ஒரு முக்காலியில் உட்கார்ந்து சொன்னார்.

"முந்தாநாளு நான் வாசிச்சுக்கிட்டே இருக்கேன், அதிகாரி முகத்த சன்னல் பக்கம் திருப்புதாரு. பொறவு கைக்குட்டைய எடுத்தாரு. செத்த தள்ளி நின்னு வாசியும்னாரு. தள்ளி நின்னேன். இன்னும் தள்ளும்னாரு. கடைசில வாசப்படில நின்னு வாசிச்சேன் ஐயா. கூண்டுல நிக்க கைதி எம் பக்கத்துல இருந்தான். அதிகாரி அம்புட்டு தூரத்துல இருந்தாரு. கைதிகூட மூஞ்சியச் சுளிச்சான்."

"எதுக்கு?"

"பூண்டு வாடையாம்."

வைத்தியரின் முகம் மாறியது. "எம் மருந்துல வாடை கெடையாது."

"அதத்தான் நானும் சொன்னேன். அவுக கேக்கல." ஞானமுத்து முழங்காலைத் தடவிக்கொண்டார். "இன்னும் ரெண்டு நாளுல ஜில்லாவுலருந்து பெரிய அதிகாரி வாராக. அவுக முன்னால நின்னு வாசிக்கணும். ரெண்டு வருசமா நான் ஆக்டிங்தான். அன்னைக்கு நல்லா வாசிச்சா வேல நிரந்தரம். அன்னைக்கும் வாசப்படில நின்னா, திருநெல்வேலில ஒரு ஆளு எம் எடத்துக்குப் பொட்டியக் கட்டி வச்சிருக்கானாம்."

"ரெண்டு நாளைக்கு லேகியத்த விட்டுப் பாரேன்."

"விட்டுப் பாத்தேன் ஐயா. மேசையப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மேசை ஆடுது, மைக்கூடு ஆடுது. அதுக்கும் ஏசுனாக."

வைத்தியர் எழுந்து அவர் முன்னால் குனிந்தார். "ஊது."

ஞானமுத்து ஊதினார். வைத்தியர் தலையை ஆட்டினார். என்னைக் கூப்பிட்டார். நானும் குனிந்தேன். ஒன்றும் இல்லை. ராமக்காவைக் கூப்பிட்டார். அவள் எலுமிச்சம்பழ விரலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வந்து முகர்ந்துவிட்டு, "எதுவும் லேது" என்றாள். வண்டிக்காரரையும் கூப்பிட்டார். அவரும் இல்லை என்றார்.

"பாத்தியா? நாலு பேரு சொல்லுதாக" என்றார் வைத்தியர்.

ஞானமுத்துவின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. என் தெளிவு அப்போதுதான் போனது. நாங்கள் நின்றுகொண்டிருந்தது பூண்டு உரிக்கும் இடம். மோரில் ஊறிய பூண்டு ஒரு பக்கம், தட்டிய தோல் ஒரு பக்கம். வண்டிக்காரரின் மடியில் வறுத்த பூண்டு இருந்ததை நானே பார்த்தேன்.

"ஐயா, நாம எல்லாரும் பூண்டுக்குள்ளயே நிக்கோம்."

"அதனால?"

"இவருகிட்ட வாடை இருந்தாலும் நமக்கு எப்படித் தெரியும்?"

நான் கேட்ட கேள்வி எனக்கே பிறகுதான் முழுதாக உறைத்தது. எங்கள் லேகியத்தில் வாடை இல்லை என்று இத்தனை வருஷமாகச் சொன்னவர்கள் யார்? தினமும் பூண்டு தாளிக்கிற வீட்டுக்காரர்கள். அவர்கள் யாரிடம் கேட்டார்கள்? தங்களைப் போலவே தினமும் பூண்டு தின்கிற புருஷனிடமும் மாமியாரிடமும். வாடைதான் இல்லையா, வாடையை அறிகிற ஆள்தான் இல்லையா? எனக்குத் தெரியவில்லை.

ஒரு முடிவுக்கு வந்தோம். ஞானமுத்து அன்று இரவும் வழக்கம்போலத் தன் வீட்டு ஜாடியிலிருந்து லேகியம் சாப்பிடுவது. மறுநாள் காலை நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், பூண்டே தொடாத ஒருவரை வைத்துப் பார்ப்பது. அன்று இரவு நான் புதிய ஜாடியிலிருந்து ஓர் உருண்டை சாப்பிட்டேன். அது எங்கள் சாலையின் வழக்கம். எந்த ஜாடியாக இருந்தாலும் பக்குவம் பார்ப்பவன் முதலில் சாப்பிட்டு, மறுநாள் நல்லபடியாக எழுந்த பிறகுதான் அது வெளியே போகும்.

விடிந்ததும் வண்டி வந்துவிட்டதால் ஒரு செம்பு மோரை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும்.

கச்சேரி மதிலை ஒட்டி வேப்பமரத்தடியில் ரங்காச்சாரி என்பவர் பெட்டி போட்டு முத்திரைத்தாள் விற்றுக்கொண்டிருந்தார். பூண்டும் வெங்காயமும் அவர் வீட்டு வாசலுக்கே வராது. ஞானமுத்துவும் அவரும் பல வருஷச் சிநேகிதர்கள். நாங்கள் போய் நின்று விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

"ஓய் ஞானமுத்து, நீர் அந்த முனையில திரும்பறச்சேயே எனக்குத் தெரிஞ்சுடுத்து."

ஞானமுத்து திகைத்துப் போனார். "அப்ப இருக்கா?"

"இருக்காவா? இன்னிக்கு நேத்தா? ரெண்டு மாசமா இருக்கு."

"பாவி மனுசா, ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"நீர் நோயாளி. மருந்து சாப்பிடற மனுஷன்கிட்ட நாத்தம்னு எப்படி ஓய் சொல்றது? பெட்டியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா அந்தாண்ட தள்ளிண்டே வந்தேன். நீர் கவனிக்கலை."

பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தேன். மரத்தின் நிழலை விட்டே வெளியே வந்திருந்தது.

ஞானமுத்து வாயைக் கொப்பளித்துவிட்டு, கிராம்பை மென்றுகொண்டு வந்து ஊதினார். ரங்காச்சாரி கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

"மேல கிராம்பு நிக்கறது. அடியில நீர் இருக்கீர். வாயிலேர்ந்து வரலை ஓய் இது. உள்ளேர்ந்து வரது. வேர்வையிலயும் இருக்கு."

பிறகு என்னைப் பார்த்தார். "நீர் ஏன் தள்ளி நிக்கறீர்? உம்மகிட்ட ஒண்ணும் இல்லையே."

"நல்லாப் பாருங்க சாமி. நான்தான் பூண்டு கிண்டுறவன். ராத்திரி இதே லேகியம் சாப்பிட்டிருக்கேன்."

"ஊதும்." ஊதினேன். "கையில இருக்கு. கையை முதுகுக்குப் பின்னால வையும். ஹும். மூச்சில இல்லை."

பூண்டுக்குள்ளேயே பிழைக்கிறவனிடம் வாடை இல்லை; கச்சேரியில் தாளை வாசிக்கிறவரிடம் இருக்கிறது. இருவரும் சாப்பிட்டது ஒரே லேகியம். ஜாடிதான் வேறு. இரண்டு ஜாடிக்கும் ஒரே பூண்டு, ஒரே மோர், ஒரே அடுப்பு. என் நாட்குறிப்பில் இரண்டுக்கும் ஒரே வரியைத்தான் எழுதியிருந்தேன்.

ஞானமுத்துவின் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி அன்னம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்ன அண்ணாச்சி, வாடை இருக்குன்னு சொல்லிட்டாகளா? எனக்கு ஒண்ணும் தெரியலயே. நான் பக்கத்துலதான படுக்கேன்."

"ஒன் மூக்கையும் அவுக நம்ப மாட்டாக" என்றார் ஞானமுத்து.

"தாயி, இவரு நேத்து ராத்திரியிலருந்து என்னென்ன சாப்பிட்டாரு?"

"ராத்திரி கஞ்சி. பொறவு உங்க லேகியம். காலைல எப்பவும் போல பழைய சோறு."

"தொட்டுக்க?"

"வெங்காயம்தான்."

"பச்சை வெங்காயமா? எம்புட்டு?"

"எண்ணியா வைப்பாக? ஒரு கை."

நான் ஞானமுத்துவைத் திரும்பிப் பார்த்தேன். அன்னம்மாளுக்கு அது பிடிக்கவில்லை.

"ஏன் அண்ணாச்சி அப்படிப் பாக்கிய? பத்தியத்துல வெங்காயத்த நீங்க தள்ளலையே. புளி வேண்டாம்னிய, கத்தரிக்கா வேண்டாம்னிய, கருவாடு வேண்டாம்னிய. எல்லாத்தையும் தள்ளுனா மனுசன் எதக் கடிச்சுக்கிட்டு சோறு திங்க? சோழபுரத்துல எங்க அய்யா தோட்டத்துலருந்து மூட மூடயா வருது. அதையும் விடணுமா?"

அவள் சொன்னது சரி. பத்தியத்தில் நாங்கள் வெங்காயத்தைத் தள்ளவில்லை. தள்ள வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் பழைய சோற்றோடு வெங்காயம் கடிப்பதை ஒரு சாப்பாடாகவே யாரும் கணக்கில் வைப்பதில்லை. நானும் தினமும் கடிக்கிறவன்தான். அன்று ஒருநாள் வண்டி சீக்கிரம் வந்ததால் மோரோடு கிளம்பிவிட்டேன்.

ஆக, எனக்கும் ஞானமுத்துவுக்கும் வித்தியாசம் ஒன்றல்ல, இரண்டு. அவர் பழைய ஜாடி, நான் புதிய ஜாடி. அவர் வெங்காயம் தின்றார், நான் தின்னவில்லை. எது காரணம்? வண்டியில் திரும்பும் வழியெல்லாம் இதையே புரட்டிக்கொண்டு வந்தேன். வெங்காயம் என்று முடிவு செய்தால், வெங்காய வாடையையா ரங்காச்சாரி பூண்டு வாடை என்றார் என்று சந்தேகம். ஜாடி என்று முடிவு செய்தால், ஒரே பக்குவம் எப்படி இரண்டு விதமாகும் என்று சந்தேகம். ஊர் வந்தபோது கிளம்பியதைவிட அதிகமாகக் குழம்பியிருந்தேன்.

சாலைக்குள் நுழைந்ததும் ராமக்காவின் விரல் கண்ணில் பட்டது. பழைய எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகியிருந்தாள். முந்தின நாளும் இதையே பார்த்தேன். போன வாரமும் அந்த விரல் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"விரல் எப்படி இருக்கு ராமக்கா?"

"எரியுது அண்ணா."

"போன வாரமும் எரிஞ்சுதோ?"

"அப்பத்தான் ஜாஸ்தி."

"எலுமிச்சம்பழத்தோட குழவியப் பிடிச்சுப் பூண்டு தட்ட முடிஞ்சுதா?"

அவள் உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. வைத்தியர் இருக்கிறாரா என்று உள்பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"இது தப்புக் கண்டுபிடிக்கக் கேக்கல. எனக்கு ஒண்ணும் புரியாமக் கேக்கேன். நீ சொன்னாத்தான் புரியும்."

"தட்டல அண்ணா" என்றாள். "சாறு பட்டா உசுரு போகுது. பாலு கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. தோலோட முழுசா அதுல போட்டுட்டேன். வெந்த பொறவு தோலு சட்ட மாதிரி கழண்டு வந்துருச்சு. அதத்தான் மோருல போட்டேன். வேலைய விட்டு நிறுத்திருவீகளோன்னு சொல்லல."

"நிறுத்தல. அந்த ஜாடிதான் வாடையில்லாம இருக்கு."

அவள் நம்பவில்லை. நான் கேலி பேசுகிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உள்ளே போய் வைத்தியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அலமாரியில் இருந்த ஜாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். புதிய ஜாடியைத் தவிர அத்தனையும் பழைய முறையில் தட்டிப்போட்டுச் செய்தவை. வாரக் கடைசியில் வெளியூர் போக வேண்டியவை.

"எலுமிச்சஞ்சாறு கலந்திருக்குமோ?" என்றார்.

"இருக்கலாம் ஐயா. அத நான் யோசிக்கல."

"வெங்காயமாவும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

"அப்ப ஒண்ணு செய்யி." அவர் குரல் உறுதியானது. "ஞானமுத்து பழைய ஜாடியவே சாப்பிடட்டும். வெங்காயத்த மட்டும் விடட்டும். வாடை போச்சுன்னா எம் மருந்து மேல பழியில்ல."

"போகலன்னா?"

"போகலன்னா பொறவு புது ஜாடியக் குடு. ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும். நான்தான ஒனக்குச் சொல்லிக் குடுத்தேன்?"

உண்மைதான். இந்தத் தொழிலில் அவர் எனக்குச் சொன்ன முதல் பாடமே அதுதான். உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். ஒரு மருந்தில் இரண்டு சரக்கைச் சேர்த்து மாற்றினால், குணம் எதனால் வந்தது என்று கடைசிவரை தெரியாது. என் சுபாவமும் அதுதான். எதையும் தனித்தனியாக, வரிசையாகப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். எல்லாவற்றையும்விட எனக்குக் காரணம் தெரிய வேண்டியிருந்தது.

ஆனால் பெரிய அதிகாரி வர ஒரு நாள்தான் பாக்கி. வெங்காயத்தை மட்டும் விட்டுப் பார்த்து, அது பலிக்காமல் போனால், எங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிடும்; ஞானமுத்து வாசற்படியில் நிற்பார்.

"ரெண்டையும் சேத்து மாத்திருவோம் ஐயா. புது ஜாடியும் குடுப்போம், வெங்காயத்தையும் நிறுத்துவோம்."

"அப்ப எம் மருந்து நல்லதா கெட்டதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது ஐயா."

"பத்து வருசமா வாடையில்லாத லேகியம்னு வாங்குதாக. இந்த ஜாடிய எல்லாம் நான் அனுப்பவா, கொட்டவா?"

"அதுவும் இப்பத் தெரியாது. அவருக்கு ஒரு நாள்தான் இருக்கு. நமக்கு இன்னும் எத்தனையோ நாள் இருக்கு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து புதிய ஜாடியை அவரே எடுத்தார். வாய்த்துணியை இறுக்கிக் கட்டினார். கட்டிய முடிச்சை அவிழ்த்து இன்னொரு முறை கட்டினார். பிறகு என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று பொழுது சாய்வதற்குள் அதை ஞானமுத்துவிடம் சேர்த்தேன். வெங்காயம் கூடாது என்றதும் அன்னம்மாள், "அப்பக் காலைல தொட்டுக்க?" என்றாள். "தயிர்" என்றேன். "தயிர் தொட்டுக்கிற பொருளா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

பெரிய அதிகாரி வந்த நாளன்று காலையிலேயே நான் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டேன். ஞானமுத்து கோட்டு போட்டு, தலைப்பாகை கட்டி வந்தார். ரங்காச்சாரி எழுந்து அவரைச் சுற்றி வந்தார்.

"இருக்கு" என்றார். ஞானமுத்துவின் முகம் விழுந்தது. "இரும். இல்லை. காத்து மாறறது. இல்லைன்னுதான் நினைக்கறேன்."

"நல்லாச் சொல்லுங்க சாமி."

"என்னத்தை ஓய் நல்லாச் சொல்றது? வர்றச்சேயும் போறச்சேயும் மோந்து பாரும், மோந்து பாரும்னு நீங்க ரெண்டு பேரும் படுத்தினதுல எனக்கே எல்லாத்துலயும் பூண்டு அடிக்கறது. கார்த்தால ஆத்துல துளசி தீர்த்தம் குடிச்சேன். அதுலயும் அடிக்கறது."

எங்களுக்கு இருந்த ஒரே மூக்கும் அத்தோடு போயிற்று. ஞானமுத்து என்னைப் பார்த்தார். "போகட்டுமா அண்ணாச்சி?" என்றார். போங்கள் என்றேன். எதை நம்பிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து உள்ளே எதுவும் தெரியாது. குரல் மட்டும் கேட்கும். அதிகாரியின் மேஜை சன்னலோரம். வாசற்படி கட்டடத்தின் அந்தக் கோடியில். ஆகவே குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தால் போதும். மூக்கை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டோம்.

குரல் சன்னலோரம் தொடங்கியது. ஒரு வாக்குமூலம் முடிந்தது. அடுத்ததும் அங்கிருந்தே வந்தது. ரங்காச்சாரி ஒருவருக்குத் தாள் விற்றுவிட்டுச் சில்லறை கொடுக்க மறந்தார். வாங்கியவர் கேட்டபோது, "சத்தம் போடாதேயும், குரல் நகர்ந்தா தெரியாது" என்று அதட்டினார்.

திடீரென்று குரல் நின்றது. ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றது. நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. வாசற்படிப் பக்கம் காலடி போனது. ரங்காச்சாரி கையை உதறினார். "போச்சு ஓய்." நான் எழுந்து நின்றேன். எழுந்து என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. காலடி திரும்பி வந்தது. பிறகு குரல் மறுபடி தொடங்கியது. சன்னலோரம்தான். ஆனால் முன்பைவிடத் தாழ்வாக, தரையிலிருந்து வருகிற மாதிரி.

"ஏன் குரல் கீழ போயிடுத்து?" என்றார் ரங்காச்சாரி.

"விழுந்துட்டாரோ?"

"விழுந்துண்டேவா ஓய் வாசிப்பா?"

மாலையில் ஞானமுத்து வெளியே வந்து சொன்னபோதுதான் விளங்கியது. வாசிக்கும்போது அவர் கால் மாற்றிக் கால் நிற்பதைப் பெரிய அதிகாரி கவனித்தாராம். என்ன என்று கேட்டாராம். முழங்கால் என்றதும், வாசலில் கிடந்த முக்காலியைக் கொண்டுவரச் சொல்லி, தன் பக்கத்திலேயே போட்டு, "உட்கார்ந்து வாசியும்" என்றாராம். கடைசிவரை கைக்குட்டையை ஒருவரும் எடுக்கவில்லை. வேலை நிரந்தரம் என்று அப்போதே எழுதியாயிற்று.

ஞானமுத்து மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது, ஆனால் அவருக்கு வேறு யோசனையும் ஓடியது.

"அண்ணாச்சி, உக்காந்து வாசிக்கலாம்னு முன்னமே யாராச்சும் சொல்லிருந்தா எனக்கு லேகியமே வேண்டியிருந்திருக்காதே."

"நீர் கேட்டிருக்கணும்" என்றார் ரங்காச்சாரி.

"கச்சேரில உக்காரலாமான்னு யாரு கேப்பா?"

இரண்டு மாதம் லேகியம், பத்தியம், ஜாடி, வாடை என்று நாங்கள் அத்தனை பேரும் பட்ட பாட்டுக்கு ஒரு முக்காலி போதும் என்று எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. வைத்தியத்துக்கு வருகிறவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கிறோம். எப்படி வேலை பார்க்கிறீர் என்று கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்.

ஞானமுத்துவை வீட்டில் இறக்கிவிட்டு வண்டி கிளம்பும்போது அன்னம்மாள் ஒரு சிறு சாக்கை உள்ளே தள்ளினாள். சோழபுரத்துச் சின்ன வெங்காயம்.

"இனி இவுக தின்னலாமா, கூடாதா?" என்றாள்.

"தெரியல தாயி. நாலு நாள் பொறுங்க."

"என்ன அண்ணாச்சி, எதக் கேட்டாலும் தெரியல தெரியலங்கிய?"

சாலைக்கு வந்ததும் வைத்தியர் வாசலுக்கு வந்தார். வேலை நிரந்தரமானதைச் சொன்னேன். சந்தோஷம் என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். பிறகு அலமாரியைக் காட்டி, "இத என்ன செய்ய?" என்றார். பூண்டை முழுசாக வேகவைத்ததா, வெங்காயமா, எலுமிச்சஞ்சாறா, மூன்றும் இல்லாமல் அன்றைய காற்றா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஜாடிகளை அனுப்ப வேண்டாம், கொட்டவும் வேண்டாம், இருக்கட்டும் என்றேன். ராமக்கா போகும்போது, நாளைக்குப் பூண்டைத் தட்டட்டுமா, முழுசாகப் போடட்டுமா என்று கேட்டாள். முழுசாகவே போடு, எலுமிச்சம்பழத்தை மட்டும் கழற்றிவிடு என்றேன். அன்று இரவு நான் லேகியத்தைத் தொடவில்லை; முதலில் வெங்காயத்தை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஒரு நோயாளியின் பிழைப்பை வைத்து நாம் பாடம் படிக்கக் கூடாது. படிக்காமலும் இருக்கக் கூடாது. அதற்கு நம்முடைய உடம்பு இருக்கிறது.

மறுநாள் காலை முதல் வேலையாக, சாக்கை அவிழ்த்து ஒரு கை வெங்காயத்தை எடுத்து உரித்தேன். பழைய சோற்றோடு அத்தனையையும் கடித்துத் தின்றேன். கையை நன்றாகச் சீயக்காய் போட்டுக் கழுவினேன். பிறகு ரங்காச்சாரியைப் பார்க்க வண்டி ஏறினேன்.